ஹாக்ஸ்லி டிரஸ்டில் ஆறாயிரத்து இருநூறு பங்கு

அன்றைக்குச் சளித் தடிமன் பிடித்து வேலைக்குப் போகாமல் நின்றதனால்தான் அந்தக் கடிதம் சத்தியபாமாவின் கைக்கு நேராக வந்து சேர்ந்தது. மற்ற நாளென்றால் மாலையில் வேலை முடிந்து வரும் கணவர் ஜெயரட்ணம், தபால் பெட்டியைத் திறந்து, எல்லா உறைகளையும் தாமே கிழித்து, பார்க்க வேண்டியதைப் பார்த்து, அவளுக்குச் சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லியிருப்பார். 1977ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம், ஒரு திங்கட்கிழமை முற்பகல். சிட்னியின் ஹோம்புஷ் பகுதியில், அடுக்குமாடி வீட்டின் குசினி மேசையில் இருந்தபடி அவள் அதை இரண்டு முறை படித்தாள்.

சிட்னி பிட் தெருவில் உள்ள ஹாக்ஸ்லி முதலீட்டு டிரஸ்டின் பங்குப் பதிவகம் எழுதியிருந்தது: "அம்மணி, தங்கள் பெயரில் உள்ள 6,200 பங்குகளையும் பங்கொன்று ஒரு டொலர் பதினைந்து சதத்துக்கு விற்கச் சம்மதிக்கும் படிவம், வாங்க முன்வந்துள்ள மெல்போர்ன் நிறுவனத்தின் ஊடாக எமக்குக் கிடைத்தது. பங்குதாரர் ஒப்பமிட வேண்டிய இடத்தில் வேறொருவரின் ஒப்பம் உள்ளது. வரும் வாரம் வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் தாங்கள் நேரில் வந்து ஒப்பமிட்டால் படிவம் ஏற்கப்படும். தவறினால் தள்ளுபடியாகும்."

படிவத்தின் பிரதியும் கூடவே இருந்தது. ஒப்பத்தில் கள்ளம் எதுவும் இல்லை. ஜெயரட்ணம் தம்முடைய பெயரையே முழுதாக எழுதி, தாம் வேலை செய்யும் நீர்வழங்கல் சபையின் வரைபடங்களில் எழுதும் அதே நிமிர்ந்த எழுத்தில், அடியிலே 'கணவர்' என்றும் எழுதியிருந்தார். ஒளிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. திருடன் என்றால் ஒளித்திருப்பான். தன்னுடையது என்று நம்புகிறவன் எதற்காக ஒளிக்கிறான்?

அந்தப் பங்குகள் அவளுடைய சீதனம். யாழ்ப்பாணத்துச் சட்டம் சீதனத்தைப் பெண்ணின் சொத்து என்றுதான் சொல்கிறது. அந்தச் சட்டத்தைக் கரைத்துக் குடித்து நீதிமன்றத்தில் முழங்கிய வழக்கறிஞர்களும், வீட்டுக்கு வந்ததும், மனைவியின் வயலைத் தாமே குத்தகைக்கு விட்டார்கள்; மனைவியின் நகையைத் தாமே அடகு வைத்தார்கள். உறுதிப் பத்திரத்திலே பெண்ணின் பெயர், கையாள்வதெல்லாம் ஆணின் கை. இந்த ஏற்பாட்டை எவரும் அநியாயம் என்று சொல்லவில்லை; குடும்பம் என்று சொன்னார்கள்.

சத்தியபாமாவின் தகப்பனார் மலாயா ரயில்வேயில் தலைமை இலிகிதராக இருந்தவர். 1937இல் கோலாலம்பூரில் இருந்தபோது, தகரச் சுரங்கங்களில் பணம் போட்டிருந்த இந்தச் சிட்னி டிரஸ்டில் ஐந்நூறு பங்கு வாங்கினார். அவை வளர்ந்தன, பெருகின. 1962இல் அவளுக்குக் கலியாணம் பேசியபோது, வீடு, பத்துப் பரப்புத் தோட்டக்காணி, நகை என்ற பட்டியலின் கடைசியில் இந்தப் பங்குகளும் சேர்ந்தன. பதினொரு வருடம் கழித்து அவர்கள் அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டபோது வீட்டையும் காணியையும் தூக்கிக்கொண்டு வர முடியவில்லை. கையில் கொண்டுபோக இலங்கை அரசு அனுமதித்த காசு சிட்னியில் ஒரு வாரத்துக்குக்கூடப் போதாது. சீதனத்தில் ஏற்கெனவே சிட்னியில் வந்து காத்திருந்தது இந்த ஒன்று மட்டுமே.

அன்று மாலை ஜெயரட்ணம் சப்பாத்தைக் கழற்றும்போதே அவள் கடிதத்தை மேசையில் வைத்தாள்.

"இதென்ன?"

எடுத்துப் பார்த்தார். முகத்தில் கலக்கம் எதுவும் தெரியவில்லை. "ஓ, திருப்பி அனுப்பிட்டினமே? வெள்ளைக்காரன்ர சட்டம் தெரியும்தானே. நாளைக்குப் போய் ஒரு கையெழுத்தைப் போட்டுவிடும், காரியம் முடிஞ்சுது."

"என்னட்ட ஏன் கேக்கேல்லை?"

"என்னத்தைக் கேக்கிறது? லிட்கம் வீட்டுக்கு டெப்பொசிட் கட்டோணுமெண்டு உமக்குத் தெரியாதே? போன கிழமை கடைசி நாளாக்குமெண்டு நினைச்சன். நீர் வேலையில நிண்டனீர். போட்டனான்."

"என்ர பெயர் இருக்கிற இடத்தில."

"பெயர் உம்மட பெயர். வீடு ரண்டு பேருக்கும். நானென்ன, அந்தக் காசைக் கொண்டுபோய் ராண்ட்விக்கில குதிரைக்கே கட்டப்போறன்?"

அவள் படிவத்தின் பிரதியை எடுத்து மடித்தாள். பதினைந்து வருடமாக வந்த பங்கிலாபக் காசோலைகள் நினைவுக்கு வந்தன. ஒவ்வொன்றின் பின்புறத்திலும் அவர் பென்சிலால் பெருக்கல் குறிபோல் ஒரு சிறு புள்ளடி போட்டுத் தருவார்: 'இதில ஒரு கையெழுத்து.' அவள் புள்ளடிக்கு மேலே ஒப்பமிடுவாள். காசு எங்கே போகிறது என்று அவளும் கேட்டதில்லை. வீட்டுக்கு வெளியே அது போகவும் இல்லை. ஜெயரட்ணம் ஊதாரியல்லர், குடிகாரரும் அல்லர். அதனாலேயே அந்தக் கேள்வி பதினைந்து வருடம் கேட்கப்படாமல் கிடந்தது.

மறுநாள் மாலை கதிர்காமநாதன் வந்தார். ஜெயரட்ணத்தின் பழைய பள்ளித் தோழர். கம்பளிக் களஞ்சியம் ஒன்றில் கணக்காளர். ஹோம்புஷ் தமிழருக்கு வருமானவரிப் படிவம் நிரப்பிக் கொடுப்பவரும், யாரும் கேளாமலே புத்தி சொல்பவரும் அவர்தான். பங்குகளை விற்கச் சொன்னதும் அவரே. கதிரையை இழுத்துப் போட்டுத் தேநீரை வாங்கிக்கொண்டார்.

"தங்கச்சி, கணக்கிலேயே கிடந்து நரைச்ச தலை இது, சொல்லுறதைக் கேளும். சந்தையில எண்பத்தைஞ்சு சதம் போற பங்கை ஒருத்தன் ஒண்டு பதினைஞ்சுக்குக் கேக்கிறான். அவனுக்கு விசர். விசர் தெளியமுந்திக் குடுத்திடோணும்."

"விசரனெண்டால் ஏன் அண்ணை நாப்பது லட்சம் பங்கையும் கேக்கிறான்?"

"பெரிய விசரன்!"

ஜெயரட்ணம் விழுந்து விழுந்து சிரித்தார். சத்தியபாமாவுக்கும் சிரிப்பு வந்தது, ஆனாலும் விடவில்லை. "அந்த டிரஸ்டின்ர ஆண்டறிக்கையை நீங்கள் படிச்சனீங்களோ?"

"விலையைப் பாத்தனான். அதுக்கு மேல அதில என்ன கிடக்கு? கிழட்டுக் கம்பனி. தலைவருக்கு எழுபது வயசு, லிப்டுக்கு எண்பது வயசாம்."

"நான் படிச்சனான்" என்றாள்.

உண்மைதான். மணமாகி அவர் வீட்டுக்கு வந்த பிறகு அவள் பெயருக்கு வெளிநாட்டிலிருந்து வந்த தபால் அந்த அறிக்கை ஒன்றுதான். தன் பெயர் அச்சிட்ட உறையில் எது வந்தாலும் படிப்பாள். கோடை விடுமுறையில் கதைப்புத்தகம் படிப்பதுபோல், எந்தக் கம்பனியில் எவ்வளவு போட்டிருக்கிறார்கள், எதை விற்றார்கள், ஏன் விற்றார்கள் என்று கடைசிப் பக்கத்து அடிக்குறிப்பு வரை படிப்பாள். பதினொரு அறிக்கைகள் சூட்கேசின் அடியில் சேலைகளோடு சிட்னி வந்து சேர்ந்திருந்தன; இங்கு வந்தபின் கிடைத்த நான்கும் அவற்றோடு இருந்தன.

"உமக்கேன் இந்தத் தலையிடியெல்லாம்?" என்றார் ஜெயரட்ணம், சிரிப்பு அடங்கி. "உம்மட நன்மைக்குத்தானே இவ்வளவும் செய்யிறன்."

புதன்கிழமை மதிய உணவு நேரத்தில் அவள் பிட் தெருவுக்குப் போனாள். மாநில அரசு அலுவலகம் ஒன்றில் தட்டச்சு வேலை அவளுக்கு. நடந்து போகும் தூரம்தான். ஆறு மாடி மணற்கல் கட்டடம். எதிரே முப்பது மாடிக் கண்ணாடிக் கோபுரம் ஒன்று புதிதாக எழுந்து நின்றது. இரண்டாம் மாடியில் பதிவகம். அங்கிருந்த மிஸ் ஹார்கிரீவ்ஸ் என்ற நரைத்த பெண்மணி அவள் பெயரைக் கேட்டதும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"நீங்களா? பதினைந்து வருடமாக உங்கள் உறைகளைத் தட்டச்சுச் செய்தவள் நான். உங்கள் பெயரில் ஓர் எழுத்தும் பிழைக்கக்கூடாதென்று எண்ணி எண்ணித் தட்டுவேன். சரியாக வந்ததா?"

"ஒவ்வொரு முறையும்" என்றாள் சத்தியபாமா.

மிஸ் ஹார்கிரீவ்ஸ் படிவத்தை எடுத்து வைத்தாள். பேனாவின் மூடியைத் திறந்து கொடுத்தாள். "கணவரின் ஒப்பத்தைக் கோடிட்டு வெட்டிவிட்டு, பக்கத்தில் உங்களுடையதைப் போட்டால் போதும்."

பேனா கையில் இருந்தது. லிட்கம் வீட்டில் மகளுக்குத் தனி அறை இருக்கும். குசினி ஜன்னலுக்குத் திரைச்சீலை எத்தனை யார்டு வேண்டும் என்றுகூடச் சத்தியபாமா அளந்து வந்திருந்தாள். ஆசையில் அவள் தன் கணவருக்குக் குறைந்தவள் அல்லள். ஆனால் வெட்டுவதற்காகக் காட்டப்பட்ட அந்த ஒப்பத்தைப் பார்த்தபோது, தன்னுடைய ஒப்பம் இதுவரை எதையும் தீர்மானித்ததில்லை, தீர்மானமான ஒன்றுக்கு முத்திரையாகவே இருந்திருக்கிறது என்பது அவளுக்கு விளங்கியது. இப்போது போட்டால் இதுவும் ஒரு புள்ளடியின் மேல் போட்ட ஒப்பம்தான்.

"வெள்ளிக்கிழமை வரை நேரம் இருக்கிறதல்லவா?"

"அடுத்த வெள்ளி, நான்கு மணி."

"பழைய ஆண்டறிக்கைகளைப் பார்க்கலாமா? ஆரம்பத்திலிருந்து."

"இங்கே முப்பது வருடம் இருக்கிறேன், எவரும் கேட்டதில்லை" என்றாள் மிஸ் ஹார்கிரீவ்ஸ். பின், "பங்குதாரர் கேட்டால் மறுக்க எனக்கு உரிமையில்லை" என்று சாவியை எடுத்தாள்.

அன்றும் வியாழனும் வெள்ளியும், மதிய உணவை விட்டு, அந்த நேரத்தில் அவள் அந்த அறையில் இருந்து படித்தாள். தோல் அட்டைக் கட்டுகள் அறுபத்தொன்பது. 1908இல் ஹாக்ஸ்லி என்ற கம்பளித் தரகரும் இரண்டு மருத்துவரும் ஒரு பாதிரியாரும் கூடித் தொடங்கிய டிரஸ்ட் அது. ஒருவன் தன் சேமிப்பு முழுவதையும் ஒரே கம்பனியில் போட்டு, அது மூழ்கும்போது கூடவே மூழ்குகிறான்; ஆயிரம் பேரின் சிறு சேமிப்பை ஒன்றாக்கி நூறு கம்பனிகளில் பரப்பி வைத்தால் ஒன்று மூழ்கினாலும் மற்றவை தாங்கும். அவர்களின் எண்ணம் இவ்வளவே. விதவைகளும் ஆசிரியர்களும் தபால் அதிபர்களும் முதல் பங்குதாரர்கள்.

நல்ல எண்ணம். நல்லவிதமாகவே நடந்தது, ஆனால் நடத்தியவர்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்ட அளவுக்கு நல்லவிதமாக அல்ல. 1931இன் பொருளாதாரப் பெருமந்தத்தில் டிரஸ்டை நடத்திய பணிப்பாளர்கள் இரண்டு வருட ஊதியத்தைத் துறந்தார்கள் என்று அறிக்கை ஒரு முழுப் பக்கம் புகழ்ந்தது. அதே வருடம் இலிகிதர் பதினொருவரை வீட்டுக்கு அனுப்பியதற்கு ஒரு வரி. துறந்தவர்களுக்கு மாளிகை இருந்தது. அனுப்பப்பட்டவர்களுக்கு அடுத்த வேளை சோறு இருந்ததா என்று அறிக்கை சொல்லவில்லை.

மலாயாவை யப்பானியர் பிடித்த 1942இல், அங்கிருந்த பங்குதாரருக்குப் பணம் அனுப்ப வழியில்லாது போயிற்று. மிஸ் ஹார்கிரீவ்ஸ் பதிவேட்டைத் திறந்து காட்டினாள். தகப்பனாரின் பெயருக்கு நேரே சிவப்பு மையில்: 'யுத்தம். வைத்திருக்கவும்.' 1946இல் அதன்கீழே: 'எட்டுத் தவணையும் செலுத்தப்பட்டது.' உலகம் பற்றி எரிந்தபோதும் கோலாலம்பூர் இலிகிதர் ஒருவரின் சில பவுணை யாரோ பத்திரமாக வைத்திருந்தார்கள். அதையும் அவள் குறித்துக்கொண்டாள். நிக்கல் சுரங்கப் பங்குகளின் பின்னால் நாடே பைத்தியமாக ஓடிய 1970இல் இந்த டிரஸ்ட் ஓடவில்லை. பத்திரிகைகள் கேலி செய்தன. நிக்கல் விழுந்தபோது கேலி செய்தவர்களும் விழுந்தார்கள்.

வெள்ளிக்கிழமைதான் அவள் அந்த ஒற்றை வரியைத் தனியாகப் பார்த்தாள். எல்லா வருடமும் கண்ணில் பட்ட வரிதான். 'கட்டடம், பிட் தெரு, வாங்கிய விலைப்படி: 38,000 பவுண்.' 1911இல் வாங்கியது. 1931இலும் 38,000. 1946இலும் 38,000. 1965இலும் அதே. 1966இல் நாட்டின் நாணயம் மாறியபோது 76,000 டொலர் என்று ஆயிற்று. அறுபத்தாறு வருடத்தில் அந்தக் கட்டடத்தின் விலையில் நேர்ந்த ஒரே மாற்றம், பவுண் டொலரானது.

அவள் நிமிர்ந்தாள். அந்தக் கட்டடத்துக்குள்ளேதான் இருந்தாள். ஜன்னலுக்கு வெளியே கண்ணாடிக் கோபுரத்தில் மேகம் நகர்ந்தது.

"மிஸ் ஹார்கிரீவ்ஸ், எதிரே அந்தக் கோபுரம் நிற்கும் நிலம் என்ன விலைக்குப் போனது தெரியுமா?"

"ஐந்து வருடத்துக்கு முன்பு, முப்பது லட்சம் என்று பேப்பரில் போட்டார்கள். எங்களுடையதைவிடக் கொஞ்சம் சின்ன நிலம்."

அவள் உறையின் பின்புறத்தில் கணக்குப் போட்டாள். டிரஸ்டிடம் உள்ள மற்றக் கம்பனிப் பங்குகளைச் சந்தை விலைக்கு வைத்தாலே பங்கொன்றுக்கு ஒரு டொலர் இருபது சதம் வந்தது. கட்டடத்தின் உண்மை விலையையும் சேர்த்தால் இன்னும் எழுபது சதமாவது கூடும். மெல்போர்ன் நிறுவனத்துக்கு விசர் எதுவும் இல்லை. ஒரு டொலர் தொண்ணூறு பெறுமதியானதை ஒன்று பதினைந்துக்குக் கேட்க விசர் தேவையில்லை. விற்பவனுக்குத் தன் சொத்தின் விலை தெரியாதிருந்தால் போதும்.

அன்று மாலை அவள் சொன்னாள்: "நான் கையெழுத்துப் போடேல்லை. போடவும் மாட்டன்."

ஜெயரட்ணம் கணக்கைப் பார்த்தார். கணக்கு அவருக்குப் புரியாததல்ல, பொறியியலாளர். ஆனால் அன்றைக்கு அவர் பார்க்க விரும்பியது கணக்கையல்ல. "நாளைக்குப் பகல் பன்னிரண்டு மணிக்குப் பிறகு ஏஜென்ட் வீட்டை வைச்சிருக்க மாட்டான். விளங்குதே?"

"விளங்குது."

"கதிர் எல்லாருக்கும் சொல்லிப்போட்டான், ஜெயம் வீடு வாங்கிறானெண்டு. நான் இப்ப எந்த முகத்தோட திரியிறது? ஆர்ர கட்டடமோ, ஆர் வித்தாலென்ன!"

"ஆறாயிரத்து இருநூறு பங்களவுக்கு அது என்ர கட்டடம்" என்றாள் அவள், குரலை உயர்த்தாமல். "கேட்டிருந்தால் அண்டைக்கே இருந்து யோசிச்சிருப்பன். ஒருவேளை ஓமெண்டும் சொல்லியிருப்பன். நீங்கள் கேக்கேல்லை."

அவர் கதவை அறைந்து சாத்திக்கொண்டு வெளியே போனார். சனிக்கிழமை ஒரு லெபனானியக் குடும்பம் லிட்கம் வீட்டை வாங்கியது. ஞாயிறு பிரார்த்தனைக்குத் தமிழர் கூடிய இடத்தில் கதிர்காமநாதனின் மனைவி யோகா, "பாமா, கம்பனிக்கு முதலாளியம்மா ஆகப்போறீராம்! எங்களை மறந்திடாதையும்" என்றாள். சத்தியபாமா சிரித்துச் சமாளித்தாள். வீட்டுக்கு வந்து, அளந்து வைத்த திரைச்சீலைக் குறிப்பைக் கிழித்தெறிந்தபோது அழுகை வந்தது. சரி என்று தெரிந்து செய்ததும் வலிக்கத்தான் செய்தது.

டிரஸ்டின் ஆண்டுப் பொதுக்கூட்டம் அடுத்த புதன்கிழமை, விற்பனைக் கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பு. அவள் லீவு எடுத்தாள். நான்கு நாளாகப் பேசாதிருந்த ஜெயரட்ணம் காலையில் கழுத்துப் பட்டியைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"நானும் வாறன். பெரிய இடத்து ஆம்பிளையள் கூடுற இடம். தனியப் போகவேண்டாம்."

"வாங்கோ."

கூட்டம் ஒரு ஹோட்டல் மண்டபத்தில். வாசலில் இருந்த இளைஞன் ஜெயரட்ணத்தைப் பார்த்துத்தான் புன்னகைத்தான். அவருடைய பெயரைத்தான் கேட்டான். பட்டியலில் விரலை ஓட்டினான், மறுபடியும் ஓட்டினான். "மன்னிக்க வேண்டும், ஐயா, தங்கள் பெயர் இல்லை."

சத்தியபாமா தன் பெயரைச் சொன்னாள். அது இருந்தது. அவளுக்கு வெள்ளை அட்டை, வாக்களிக்கலாம், பேசலாம். அவருக்கு மஞ்சள் அட்டை. கயிற்றுக்குப் பின்னால், விருந்தினர் வரிசையில், பேசாமல் உட்காரலாம். அவர் மஞ்சள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி போய் உட்கார்ந்தார்.

நூற்று நாற்பது பேர் இருந்தார்கள், நரைத்த தலைகள். தலைவர் லாங்ஃபோர்ட் நெடிய மனிதர். அறுபத்தொன்பது ஆண்டுகால நேர்மையைப் பற்றிப் பேசினார். மெல்போர்ன்காரருக்கு விற்றுவிடாதீர்கள், எங்களை நம்புங்கள் என்றார். ஏன் நம்ப வேண்டும் என்பதற்கு ஓர் எண்ணும் சொல்லவில்லை. கேள்விகள் உண்டா என்று கேட்டபோது சத்தியபாமா வெள்ளை அட்டையை உயர்த்தினாள். குரல் நடுங்கவில்லை. யாழ்ப்பாணத்தில் ஆசிரியையாகப் பத்து வருடம் வகுப்பறையில் பழகிய குரல் அது.

"தலைவர் அவர்களே, அறிக்கையின் பதினான்காம் பக்கம். பிட் தெருக் கட்டடம், 76,000 டொலர். 1911ஆம் ஆண்டு விலை. இன்றைய விலை என்ன?"

மண்டபத்தில் தாள்கள் புரண்டன. லாங்ஃபோர்ட் புன்னகைத்தார். "அது எங்கள் பழைய மரபு, அம்மணி. சொத்தை அடக்கமாகக் காட்டுவது விவேகம் என்று எங்கள் முன்னோர் கருதினார்கள்."

"யாரிடமிருந்து அடக்கி?"

முன்வரிசையில் ஒரு கிழவர், கைத்தடிக்காரர், திரும்பிப் பார்த்தார்.

"எல்லாம் பங்குதாரரின் நன்மைக்காகத்தான்" என்றார் லாங்ஃபோர்ட்.

கயிற்றுக்குப் பின்னால் ஜெயரட்ணம் தலை குனிந்தார்.

"ஐயா," என்றாள் சத்தியபாமா, "யுத்தத்தில் என் தகப்பனாரின் பங்கிலாபத்தை நான்கு வருடம் பத்திரமாக வைத்திருந்து திருப்பிக் கொடுத்தவர்கள் நீங்கள். அதை நான் பதிவேட்டில் பார்த்தேன், நன்றியோடு சொல்கிறேன். ஆனால் வைத்திருப்பது வேறு, மறைத்து வைத்திருப்பது வேறு. சொத்து எங்களுடையது. அதன் விலை எங்களுக்குத் தெரியாது. வாங்க வந்தவனுக்குத் தெரிந்திருக்கிறது. எங்கள் நன்மை எது என்று எங்களைக் கேளாமலே நீங்கள் முடிவு செய்துவிட்டீர்கள். கட்டடத்தின் இன்றைய விலை என்ன?"

"பதிலைச் சொல்லும், லாங்ஃபோர்ட்!" என்று கைத்தடிக்காரர் தரையில் தட்டினார். பின்னாலிருந்து ஒரு மூதாட்டி, "நான் போன கிழமைதான் சம்மதப் படிவம் அனுப்பினேன்! என்ன விலை அது?" என்று கத்தினாள்.

தலைவர் பக்கத்திலிருந்த கணக்காய்வாளரிடம் குனிந்தார். இருவரும் கிசுகிசுத்தார்கள். பின் அவர் எழுந்து, மேசையைப் பார்த்தபடி சொன்னார்: "சென்ற மாதம் ஒரு மதிப்பீடு பெற்றோம். இருபத்தெட்டு லட்சம் டொலர்."

மதிப்பீடு ஒரு மாதமாக அவர்களின் இழுப்பறையில் கிடந்திருக்கிறது. மண்டபம் இரைந்தது. கடைசி வரிசையில் இருந்த மெல்போர்ன் நிறுவனத்தின் இரண்டு பேர் பைகளை எடுத்துக்கொண்டு வெளியே போனார்கள். கால்மணி நேரக் கூச்சலுக்குப் பிறகு, முழு மதிப்பீட்டையும் பத்து நாளில் எல்லாப் பங்குதாரருக்கும் அச்சிட்டு அனுப்புவதாகவும், சம்மதம் அனுப்பியோர் அதை மீளப்பெற உதவுவதாகவும் தலைவர் வாக்குக் கொடுத்தார்.

பிறகு பணிப்பாளர் தெரிவு. லாங்ஃபோர்டை மீண்டும் தெரிவு செய்யச் சம்மதிப்போர் கை உயர்த்துங்கள் என்றார்கள். பாதிக்கு மேலே கைகள் எழுந்தன, அவர் தப்பினார். எதிர்ப்போர் என்றபோது எழுந்த ஐம்பது கைகளில் சத்தியபாமாவுடையதும் ஒன்று. டிரஸ்டை விற்க அவள் சம்மதிக்கவில்லை. அதை ஆண்டவர்கள் ஆண்ட முறைக்கும் சம்மதிக்கவில்லை. இரண்டையும் மறுத்தது ஒரே கைதான்.

டவுன் ஹால் நிலையத்தில் இருவரும் ரயில் ஏறினார்கள். ரயில் ரெட்ஃபர்ன் நிலையத்தைத் தாண்டியது. ஜெயரட்ணம் கேட்டார்: "இருபத்தெட்டு லட்சம். நீர் போட்டது எவ்வளவு?"

"முப்பது. கொஞ்சம் கூடப் போட்டிட்டன்."

"கதிருக்கு விலைதானே கதை, விலையைப் பாத்தனானெண்டான்" என்று முணுமுணுத்தார். "பெரிய விசரன் ஆரெண்டு இனித்தான் அவனுக்குத் தெரியப்போகுது." சிரிக்கப் பார்த்தார், சரியாக வரவில்லை. ரயில் இரண்டு நிலையங்களில் நின்று புறப்பட்டது. "அப்ப இனி அவன் விலையைக் கூட்டிக்கொண்டு திரும்பி வருவான். ஒண்டு எழுபது, எண்பதெண்டு வந்தால் நாங்கள் உடன..."

நிறுத்தினார். 

"வந்தால், நீர் என்ன செய்யிறதாய் யோசிக்கிறீர்?"

அந்தக் கேள்வியை அவர் கேட்டு அவள் கண்டதில்லை. கேட்டதும் உடனே ஒரு பதில் சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவும் இல்லை.

"இன்னும் தெரியாது. மதிப்பீடு வரட்டும். படிச்சுப்போட்டுச் சொல்லுறன்."

"ஓம்" என்றார். ஸ்ட்ரத்ஃபீல்டில் சனம் இறங்கியது. "ஆனால் வீட்டு விலையும் ஏறிக்கொண்டு போகுது, பாமா. அதையும் யோசியும்."

"ஓம், அதையும் யோசிக்கிறன்" என்றாள்.

அடுத்தது ஹோம்புஷ். இருவரும் எழுந்து கதவருகே போய் நின்றார்கள்.